ஒளிந்திருந்த விருந்தாளி

முப்பத்தொரு வருடம் மாத்தளை பஸ் ஸ்டேண்டில் டைம் கீப்பராக இருந்தவனிடம் ஒரு கார்னிவலைத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஊர்வலம் பிற்பகல் இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குப் புறப்படும் என்று நோட்டீஸ் அடிப்பான். நான் அடித்தேன். கமிட்டி இளசுகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் இப்ஹாம், கண்டி ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் பிள்ளை, அவன் மட்டும் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லாபிர் நானா, ரெண்டு மணின்னே போடுவோமே" என்றான். முடியாது என்றேன். நான் செயலாளர். நோட்டீஸ் என் கையில்.

காரணம் ரயில் கேட். எங்கள் ஊர்வலம் ஸ்டேஷன் பக்கமிருந்து கிளம்பி, கேட்டைக் கடந்து, கடைவீதி வழியாக மைதானத்துக்குப் போகவேண்டும். எண்பத்தைந்தில் ரயில் வந்து ஊர்வலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. பேண்ட் செட் கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆடுகிறவர்கள் இந்தப் பக்கம். இவர்கள் மேளம் இல்லாமல் ஆடினார்கள், அவர்கள் ஆட்டம் இல்லாமல் அடித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ரயில் போய் கேட் திறக்க இரண்டு ஐந்து ஆகும், ஆட்களை ஒதுக்க இன்னும் இரண்டு நிமிடம். கணக்கு சரிதானே.

உக்குவளை கார்னிவல் கடைசியாக நடந்தது எண்பத்தேழு ஆகஸ்ட்டில். அதற்குப் பிறகு ஹர்த்தால், ஊரடங்கு, பயம். பயம் போன பிறகு யாருக்கும் நேரமில்லை. நேரம் வந்தபோது செய்யத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். இப்படியே முப்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. இந்தப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, 'இது நம்ம ஊரா?' என்று கேட்டதில் ஆரம்பித்ததுதான் எல்லாம். நம்ம ஊராவாம். பின்னே யாருடைய ஊர்?

அந்த நாட்களில் ஆகஸ்ட் விடுமுறை வந்தாலே ஊர் ஒரு நிலையில் இருக்காது. முன்னால் பப்பரே பேண்ட், அதற்குப் பின்னால் பக்கீர் பாவாக்களின் றபான் மேளம், பின்னால் தோட்டத்துப் பிள்ளைகளின் கோலாட்டம், அதற்கும் பின்னால் வாழைமரம் கட்டிய லேண்ட் மாஸ்டர் ட்ராக்டர், அதில் விநோத உடைப் பிள்ளைகள். ஒருவன் டாக்டர், ஒருத்தி மணமகள், ஒருவன் பொலிஸ்காரன். அந்தப் பொலிஸ்காரனுக்கு மூக்கு ஒழுகும். என் வாப்பா ஜவுளிக்கடையைப் பாதி அடைத்துவிட்டு வாசலில் நின்று சர்பத் ஊற்றுவார். நாவுலயிலிருந்தும் பல்லேகமயிலிருந்தும் கூட பஸ் பிடித்து வருவார்கள். மண்ணும் வியர்வையும் பஞ்சுமிட்டாயும் கலந்த அந்த மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மணத்துக்காகத்தான் நான் செயலாளராக ஒத்துக்கொண்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பேண்டுக்கும் முன்னால், பொய்க்கால்காரன் வருவான். பத்தடி உயரம். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், சிவப்பு வாய், தரையைத் தொடும் கோடு போட்ட காற்சட்டை. ஊர் முழுக்க அவனுக்குச் சிங்களப் பெயர்தான், பொருகக்குல். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கரண்ட் கம்பி வந்தால் குனிவான், மாடி ஜன்னல் வந்தால் உள்ளே எட்டிப் பார்த்து, "சோறு ஆச்சா?" என்பான். அவன் பெயர் ரபாயேல். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. அவன் விழுந்துவிடாமல் காலருகே நடந்து வருவது அவனுடைய அண்ணன் சவிரியான். தம்பி மேலே போகட்டும் என்று அண்ணன் கீழே நின்றான். கீழே நிற்கிறவனுக்குத்தான் ஊரோடு பேச்சு. கடலை வாங்குவான், கைகொடுப்பான், பிள்ளைகளை ஒதுக்குவான்.

கார்னிவலில் இன்னொரு விளையாட்டு உண்டு. புத்தாண்டு விளையாட்டுகளில் எல்லா ஊரிலும் ஒளிந்திருக்கும் விருந்தாளியைத் தேடுவார்கள், யாரோ முகந்தெரியாத ஒருவரை. எங்கள் ஊரில் அது வேறு மாதிரி. எங்கள் விருந்தாளி இந்த ஊரில் பிறந்து வெளியே போய்விட்டவராக இருக்கவேண்டும். வேஷம் போடக்கூடாது, ஒளியக்கூடாது, கூட்டத்தோடு கூட்டமாக நடமாட வேண்டும். கண்டுபிடிக்கிறவர் அவருடைய வலது கையைப் பிடித்து, பெயரையும் எந்த வீட்டுப் பிள்ளை என்பதையும் சொல்லவேண்டும். சரியென்றால் விருந்தாளி 'ஆமாம்' என்பார், அதோடு முடிந்தது. கமிட்டிக்காரர்களும் அவர்கள் குடும்பமும் வாயைத் திறக்கக்கூடாது. கலியாணம் கட்டி அக்குறணைக்குப் போன பெண், கொழும்பில் வேலைக்குப் போன பையன், இப்படி யாராவது வருவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் தாக்குப்பிடித்ததில்லை. கண்டுபிடித்ததும் ஆளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடுவார்கள். பரிசு ஒரு சைக்கிள். சைக்கிளை விட அந்தத் தூக்கல்தான் பெரிது.

ரபாயேலை அழைத்தது நான்தான்; ஆள் யார் என்று இந்தத் தடவை கமிட்டிப் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. வத்தளையில் இருக்கிறான் என்று தெரியும். ஒரு கேட்டரிங் கடைக்கு வேன் ஓட்டுகிறான், பேரப்பிள்ளை இருக்கிறது. நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். விசயத்தைச் சொன்னேன்.

"லாபீரு," என்றான். "என்னைய அங்க யாருக்காவது ஞாபகம் இருக்குமாடா?"

"நீ பொருகக்குல்டா. ஒன்ன மறப்பாங்களா? பத்து நிமிசத்துல தூக்கிடுவாங்க. எனக்கு அதுதான் கவலை, வெளையாட்டு சீக்கிரம் முடிஞ்சிடும்."

"தூக்கட்டும்," என்றான். "தூக்கட்டும்டா. முப்பத்தஞ்சு வருசமா வத்தளையில நான் வேன்கார அங்கிள். நாப்பது வீட்டுக்கு சோத்துப் பார்சல் குடுக்கிறேன், ஒரு வீட்டுலயும் என் பேரு தெரியாது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒருத்தன் வந்து கையப் புடிச்சி, நீ மரியாயி மகன் ரபாயேல்தானேன்னு கேட்டா எனக்குப் போதும்."

வருகிறேன் என்றான். மீசையை எடுத்துவிட்டு வா, இல்லாவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். முடியாது, கண்டுபிடிக்கட்டும் என்றுதானே வருகிறேன் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவனுக்கு எத்தனை ஆசை என்று அந்தச் சிரிப்பில் எனக்குப் புரிந்தது.

அவர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்பதைச் சொல்லவேண்டும். எண்பத்தொன்பது நவம்பரில் ஒரு காலை, தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு ஜீப் வந்தது. யாரையோ தேடி வந்தவர்கள் சவிரியானை ஏற்றிக்கொண்டு போனார்கள். சவிரியான் திரும்பி வரவில்லை. உடம்பும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தாய் மரியாயி இரண்டு மாதம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ரபாயேல் தாயைக் கூட்டிக்கொண்டு வத்தளைக்குப் போய்விட்டான். ஆறு வருடத்துக்கு முன் மரியாயி போய்ச் சேரும்வரை, மூத்த மகனுக்காக இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்க விடவேயில்லையாம். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குப் பூசை என்பாராம்.

அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு தடவை கூட அந்த லயத்துப் பக்கம் போகவில்லை. அந்த வீட்டுக்குப் போகிறவர்களையும் குறித்துக்கொள்கிறார்கள் என்று ஊரில் கதை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, பயந்துபோய்க் கிடந்தேன். ஊரே பயந்துகிடந்தது. சவிரியான் என்ற பெயரைச் சத்தமாகச் சொல்வதை எல்லோரும் விட்டுவிட்டோம். பிறகு அது பழகிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கார்னிவலன்று ரபாயேல் பதினொரு மணி பஸ்ஸில் வந்தான். அறுபது வயது, தலையில் பாதி முடி இல்லை, கொஞ்சம் தொப்பை, நீலச் சட்டை. பஸ் ஸ்டேண்ட் பின்பக்கம் வைத்துக் கட்டிப்பிடித்தான். "ரெண்டு ஏழா? நீ திருந்தவே மாட்டியாடா" என்றான். விதிகளைச் சொன்னேன். இரண்டு ஏழிலிருந்து ஐந்தரை வரை. ஸ்டேஷனிலிருந்து மைதானம் வரை எங்கும் நடக்கலாம். நான் அவனைத் தெரிந்த மாதிரி பார்க்கக்கூடாது. "ஒன் மூஞ்சியப் பாக்க நான் வரலைடா" என்று தோளில் ஒரு குத்து குத்திவிட்டுக் கூட்டத்துக்குள் போனான்.

இரண்டு ஏழுக்கு ஊர்வலம் கிளம்பியது. கேட் திறந்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இப்ஹாமைப் பார்த்தேன், அவன் கும்பிட்டான். மத்திய வித்தியாலயத்துப் பப்பரே ஆரம்பிக்க, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. லேண்ட் மாஸ்டருக்குப் பதில் இப்போது ஆறு த்ரீவீலர், எல்லாவற்றிலும் பலூன். விநோத உடையில் டாக்டரும் மணமகளும் அப்படியே இருக்கிறார்கள். புதிதாக ஒரு யூடியூபர் வேஷம், கையில் குச்சியில் கட்டிய போன். றபான் அடிக்க பாவாக்கள் கிடைக்கவில்லை, மதரசாப் பிள்ளைகள் அடித்தார்கள், நன்றாகவே அடித்தார்கள். கோலாட்டம் போட்ட பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ. குறை சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. கண் கலங்கியிருந்தவன் எதைக் குறை சொல்வது?

எல்லாவற்றுக்கும் முன்னால் புதிய பொய்க்கால்காரி. ஜெனிஸ்டா, தோட்டத்துப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை, இருபத்தாறு வயது. நான்கு மாதம் யூடியூப் பார்த்துப் பழகியிருந்தாள். ஸ்டேஷன் மதிலில் உட்கார்ந்து அவள் கால் கட்டும்போது ரபாயேல் பக்கத்தில் போய் நின்றதை நான் பார்த்தேன். சும்மா நிற்கவில்லை.

"புள்ள, எடது கட்டு தளர்வா இருக்கு. முழங்காலுக்குக் கீழ இன்னொரு சுத்து போடு," என்றான்.

"இல்ல அங்கிள், இது வேற சிஸ்டம். கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, நான் எழும்பணும்," என்றாள் அவள்.

அவன் ஒதுங்கிக்கொண்டான். அவள் எழும்பி நின்றபோது கூட்டம் கைதட்டியது. அவனும் தட்டினான். அவளுக்குத் தெரிந்திருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள். தெரியாதவளை நான் எப்படிக் கோபிப்பது? ஆனாலும் கோபம் வந்தது.

விருந்தாளி விளையாட்டை நான்தான் மைக்கில் அறிவித்தேன், தமிழிலும் சிங்களத்திலும், பஸ் ஸ்டேண்டுக் குரலில். சைக்கிளை மேடையில் நிறுத்தியிருந்தோம். உடனே வேட்டை தொடங்கியது. தெரியாத முகத்தையெல்லாம் பிடித்தார்கள். கம்பளையிலிருந்து ஐஸ்கிரீம் விற்க வந்தவனை நாலு தடவை பிடித்தார்கள். ஒருத்தர் மாவத்தகமக்காரர், மச்சான் வீட்டுக்கு வந்தவர், அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் பெயரும் வீடும் சொல்லவேண்டுமே, அதில்தான் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள்.

ரபாயேலையும் நாலைந்து பேர் பிடித்தார்கள். முகம் மலர்ந்து கையை நீட்டுவான். "நீங்க கொழும்பு அந்தோனியார் கோயில் பாதர்தானே?" "நீங்க பழைய போஸ்ட் மாஸ்டர் தம்பியா?" "அங்கிள், நீங்க யாருன்னு ஒரு க்ளூ குடுங்களேன்." ஒவ்வொரு தடவையும் "இல்லங்க" என்று சொல்லி, கையைத் தானே விடுவித்துக்கொள்ளாமல் அவர்கள் விடும்வரை நிற்பான்.

மூன்று மணிக்கு அவன் ஸஹாப்தீன் நானாவின் பழைய தேநீர்க்கடைக்குள் போனான். ஸஹாப்தீன் நானா மௌத்தாகிப் பல வருடமாகிறது, இப்போது கடையில் மகன். "பிளேன்டி ஒன்னு, இஞ்சி தட்டிப் போட்டு, சீனி வேற" என்று பழைய மாதிரியே கேட்டான். மகன் நிமிர்ந்து பார்க்காமல் கொடுத்தான். மூன்றரைக்குச் சந்தியில் தனக்குப் பழக்கமான கரண்ட் கம்பத்தடியில் நின்றான். நாலு மணிக்கு மாடிவீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று, மேலே பார்த்து, "சோறு ஆச்சா?" என்றான். ஜன்னலில் இருந்த பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஐம்பது அடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள் என்று சொன்னது நான்தானே. அந்த நிமிடத்தில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேடைக்குப் பின்னால் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி நூருன்னிஸா, "என்னங்க, அந்த நீலச் சட்டை மனுசன் யாரு? ரெண்டு மணியிலேருந்து சுத்திக்கிட்டே இருக்காரு. பாக்கப் பாவமா இருக்கு" என்றாள். அவளும் உக்குவளையில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் பொருகக்குலுக்குப் பின்னால் கேட் வரை ஓடியவள் என்று நூறு தடவை எனக்குக் கதை சொன்னவள்.

"ஒனக்குத் தெரியலையா?" என்றேன்.

"தெரிஞ்ச மொகமா தெரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு பெரிய மடையன் நான். ஊருக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைச் சாயமும் ஒரு நீளக் காற்சட்டையும். அந்த முகத்தை யார் பார்த்தார்கள்? பத்தடி உயரத்தில் இருந்ததை அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள், அவ்வளவுதான். பெயரும் பொருகக்குல் என்றே நின்றுவிட்டது. ரபாயேல் என்று அறிந்தவர்கள் லயத்துக்காரர்கள், அவர்களில் பாதி செத்துப் போய்விட்டார்கள், மீதி திருப்பூரிலும் கொழும்பிலும். எனக்கு அவன் முகம் தெரியும் என்பதால் ஊருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு அவன் மைதானத்து ஓரத்தில், தகரக் கொட்டகை நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் மடியில். இப்ஹாம் சந்தோஷமாக ஓடிவந்தான்.

"நானா, சூப்பர்! மூணு மணி நேரமா யாரும் கண்டுபுடிக்கல. ரெக்கார்டு! அஞ்சரைக்கு நாமளே அறிவிச்சிருவோம். சைக்கிளை அடுத்த வருசத்துக்கு வச்சுக்கலாம்."

"வாய மூடு," என்றேன். பாவம், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விதியை உடைத்துவிடலாமா என்று அந்த இருபது நிமிடத்தில் நூறு தடவை நினைத்தேன். நூருன்னிஸாவின் காதில் பெயரைச் சொல்லி அனுப்பலாம். ஆனால் அவனுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நான் காப்பியடிக்கக் கொடுத்தால் கூட வாங்காத பயல் அவன். சொல்லிக்கொடுத்து வரும் பெயர் அவனுக்கு வேண்டாம். அவன் கேட்டது அது இல்லை.

ஐந்து இருபதுக்கு ஒரு வயதான மனிதர், வெள்ளைச் சாரம், தோளில் துவாய், கொட்டகைப் பக்கம் போனார். அவித்த சோளம் விற்கிற தள்ளுவண்டியோடு காலையில் வந்தவர். பல்லேகமக்காரர், பெயர் தென்னகோன். பழைய கார்னிவலுக்கும் வருவேன் என்று காலையில் என்னிடம் இடம் கேட்கும்போதே சொல்லியிருந்தார். கார்னிவலுக்கு மட்டும்தான் உக்குவளைக்கு வருவாராம்; கார்னிவல் நின்றதும் அவரும் வரவை நிறுத்திவிட்டாராம். அவர் ரபாயேலைக் கடந்து போனார். நின்றார். திரும்பினார். குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கும் குரலில், தம்பி என்று சிங்களத்தில் அழைத்துக் கத்தினார்.

"மல்லி! நீ தோட்டத்து மரியாயி அம்மா மகன்தானே!"

நான் ஓடினேன். அறுபது வயதில் அப்படி ஓடியதில்லை. ரபாயேல் எழும்பி நின்றிருந்தான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் பெயரைச் சொல்லவேண்டும், பெயரைச் சொன்னால் முடிந்தது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"பேர் சொல்லுங்க ஐயா, பேர்!" என்று இப்ஹாம் சிங்களத்தில் கேட்டான்.

"பேர் எனக்கு மறக்குமா? சவிரியான்! சவிரியான்தானே நீ? என் வண்டியில ரெண்டு சோளம் வாங்குவியே. ஒன்ன நீ தின்னுவ, ஒன்னக் குச்சியில குத்தி மேல பொருகக்குலுக்கு நீட்டுவியே. ஒன் மூக்கும் நெத்தியும் அப்படியே இருக்கு மல்லி!"

ரபாயேலின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனாலும் பார்த்தேன். அந்த வெளிச்சம் போய்விட்டது. போன இடத்தில் வேறொன்று வந்தது. அவன் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் முகம் முழுக்க சிரிப்பு. எண்பத்தேழுக்குப் பிறகு இந்த ஊரில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்கு சவிரியான் இன்னும் சோளம் வாங்குகிறவன்.

"கேளுங்க நானா, சரியா?" என்று இப்ஹாம் என்னைப் பார்த்தான். விதிப்படி சொல்லவேண்டியது விருந்தாளி.

"ஆமாம்," என்றான் ரபாயேல்.

கூட்டம் கத்தியது. நாலு பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பேண்ட் அடித்தது. பெரியவர் துவாயைத் தலைக்கு மேல் சுற்றினார். மேடையில் இறக்கியதும் நான் அவனை மைக்குக்குப் பின்னால் இழுத்தேன்.

"என்னடா செஞ்ச? இது தப்புடா. நான் எப்படி அதை அறிவிப்பேன்? இன்னும் எட்டு நிமிசம் இருக்கு, இல்லைன்னு சொல்லு. யாராவது ஒன் பேர—"

"லாபீரு." அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "சாகும்வரைக்கும், முப்பது வருசம் எங்கம்மா தேடினாங்க. பொலிசுல, கேம்புல, கோயில்ல. ஒருத்தன் கூட பாத்தேன்னு சொல்லல. இன்னிக்கு ஒரு மனுசன் கையப் புடிச்சி, நீதானேன்னு கேக்கிறான். நான் இல்லைன்னு சொல்லவா?"

அவன் என்னை மைக் பக்கம் திருப்பினான்.

"அப்படியே சொல்லுடா," என்றான். "சத்தமா சொல்லு."

நான் மைக்கை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் ஒரு பஸ்ஸின் நேரத்தைக் கூடத் தவறாகச் சொன்னதில்லை. "உக்குவளை கார்னிவலின் ஒளிந்திருந்த விருந்தாளி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார்," என்றேன். "தோட்டத்து மரியாயி அவர்களின் மூத்த மகன், சவிரியான்." சிங்களத்திலும் சொன்னேன். ஸ்பீக்கர்கள் கடைவீதி முழுக்க, ஸ்டேஷன் வரை கட்டியிருந்தோம். அந்தப் பெயர் அத்தனையிலும் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசைக் கதிரைகளில் இருந்த வயதானவர்கள் தட்டவில்லை. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்கு எதிரில் சைக்கிள் திருத்தும் முதியவர், சிங்களவர், எழும்பி நின்றார். அவர் பக்கத்தில் இருந்த என் ஒன்றுவிட்ட நானாவும் எழும்பினார். பிறகு இன்னும் சிலர். இப்ஹாம் ஏன் என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

தென்னகோனிடம் சைக்கிளைக் கொடுத்தோம். அவர் அதன் மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்தார். பேரனுக்கு என்றார். பிறகு ரபாயேலின் கையை மறுபடி பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்கிற மாதிரி நின்றார்.

"அம்மா இருக்காங்களா மல்லி?"

"போயிட்டாங்க ஐயா. ஆறு வருசம்."

"ஐயோ. நல்ல மனுசி." பெரியவர் தலையை ஆட்டினார். ஏதோ நினைவு வந்து மேலே, பத்தடி உயரத்துக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். "அது சரி, மேல நிப்பானே, சாயம் பூசிக்கிட்டு. ஒன் தம்பி. அவன் மொகத்த நான் ஒழுங்கா பாத்ததே இல்ல. பேரும் தெரியாது. அவன் எப்படி, இருக்கானா?"

ரபாயேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

"இருக்கான் ஐயா," என்றான். "அவனுக்கு ஒன்னும் இல்ல. நல்லா இருக்கான்."